தீவன வாளியில் சிவப்புச் சோளம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம், எங்களை நம்பி நீ விட்டுப்போன உன் மகள் வாயாடியும் நன்றாக இருக்கிறாள். இந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டு அப்புறம் மேலே போ. போனிலேயே சொல்லிவிட நினைத்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா.

நம் கோழிக் கொட்டகைக்குத் தீவனம் கலந்து தரும் மில்காரர் வழக்கமான சோளம் கிடைக்கவில்லை என்று வேறு எங்கோ வாங்கி உடைத்து அனுப்பினார். அங்கங்கே சிவப்பாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, புது ரகம்ண்ணே, நிறமே அப்படித்தான் என்றார். வாயாடிதான் என்னோடு வந்து கோழிக்கு அள்ளிப் போடுவாளே, அவள் உள்ளங்கையெல்லாம் ரோஸாகி, அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கொஞ்ச நாளில் கோழிகள் தலையைத் தொங்கப்போட ஆரம்பித்தன, வாயில் எச்சில் வடிந்தது, கால் இழுத்துக்கொண்டது, காலையில் போனால் செத்துக் கிடந்தன. கால்நடை டாக்டரம்மா வந்தார். வாளியில் கைவிட்டு, உடையாமல் கிடந்த ஒரு சோளத்தை எடுத்துப் பார்த்தவர், ஐயா இது திங்கிறதுக்கு இல்ல, விதைக்கிறதுக்கு, பூச்சி மருந்துல பிரட்டினது, யாரும் தெரியாம தின்னுடக் கூடாதுன்னுதான் சாயமே போடுறாங்க என்றார். அடுத்து, முட்டைய யாரெல்லாம் சாப்பிட்டீங்க என்று கேட்டார் பார், உன் அம்மா வாயாடியைத் தேடி உள்ளே ஓடினாள். தினமும் வாயாடிக்கு ஒரு முட்டை, அடம் பிடித்தால் இரண்டு. முந்தின நாள் அவள் வாந்தி எடுத்திருந்தாள், வெயிலில் ஆடிய ஆட்டம் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், செருப்புப் போடவில்லை என்பதே அங்கே தரை சில்லென்றபோதுதான் தெரிந்தது. ரத்தம் எடுத்தபோது, தாத்தா அவங்கள அடி என்று கத்தினாள், அந்தச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது. ரத்தத்தில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் டாக்டரம்மா சோதனைக்கு அனுப்பிய நம் முட்டையில் பூச்சி மருந்து இருந்தது, இருக்கக்கூடிய அளவைவிட அதிகம். பெரிய டாக்டர், பயப்பட வேணாம், ஆனா கொஞ்ச மாசம் கவனமாப் பாத்துக்கங்க என்றார். அந்த 'ஆனா'தான் என்னைத் தின்கிறது. அவள் தும்மினாலும் எழுந்து ஓடுகிறேன், சும்மா இருந்தாலும் ஏன் பேசவில்லை என்று பயப்படுகிறேன்.

இதற்கு நடுவில் கறிக்கோழி வியாபாரி வந்து, செத்தது போக மிச்சத்தை அப்படியே எடுத்துக்கிறேன், வெளியே மூச்சு விட மாட்டேன் என்றார். மருந்து கொழுப்பில்கூடத் தங்கியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், இருந்தும் என் மனசு ஆடத்தான் செய்தது. உன் அம்மா ஈரக் கையோடு வெளியே வந்து, நம்ம பிள்ள தின்னா விஷம், அடுத்தவங்க பிள்ள தின்னா கறியா என்று கேட்டாள், அந்த ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டாக்டரம்மா சொன்ன மாதிரி எல்லாக் கோழிகளையும் ஆழக் குழி வெட்டிப் புதைத்தோம். பிறகு நாம் முட்டை விற்ற வீடு, கடையெல்லாம் ஏறி இறங்கிச் சொன்னோம். பேக்கரிக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார், அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் பிள்ளையைக் குனிந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள், அந்த முகம்தான் கண்ணை விட்டுப் போகவில்லை. அதிகாரிகள் மில்லைப் பூட்டிவிட்டார்கள். ஆனால் அந்த லாரிச் சோளம் வேறு எத்தனை மில்லுக்குப் போனதோ மில்காரருக்கே தெரியவில்லையாம். நேற்று வாயாடி முட்டை வேணும் என்று அழுதாள், கடைக்குப் போய் அட்டை அட்டையாக அடுக்கியிருந்ததன் முன்னால் நின்றேன், எல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரே மாதிரி இருக்கிறது, எதைப் பார்த்து நம்புவது, வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

அடுத்த மாதம் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், முடிந்தால் அப்போது லீவு போட்டு வா. அவளிடம் பேசும்போது அழுதுவிடாதே, பிள்ளை மிரண்டுவிடும். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, அம்மாவை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடாதே, அவள் ஊட்டிவிட்ட கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா