சந்தனம் ஒட்டிய வளையங்கள்

பாவா,

காலையில் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் கடைக்கு வந்தார். போன வாரம் என்னிடம் வாங்கிய கண்ணாடியில் காதுக்குப் போகும் கம்பியின் திருகு ஆடுகிறதாம். வாங்கிய கையோடு மலைக்கோயிலுக்கு எடுத்துப்போய் சாமி பாதத்தில் வைத்திருக்கிறார். வலது கண்ணாடியின் நடுவில் குருக்கள் வைத்த சந்தனம் அப்படியே காய்ந்து கிடந்தது. அதன் வழியாகத்தான் ஒரு வாரமாக அறுந்த இழையைத் தேடி முடிந்துகொண்டிருந்திருக்கிறார். சின்னத் திருப்புளியைத் தேடி அடி இழுப்பறையைத் திறந்தேன். துப்பாக்கி எண்ணெயும் பழைய சந்தனமும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. மடித்திருந்த துணியைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் துப்பாக்கி மேல் குறிபார்க்கும் குழாயை, அந்த ஸ்கோப்பை, பிடித்திருந்த எஃகு வளையங்கள்.

தறிக்காரரை உட்காரச் சொல்லிவிட்டு, எதைத் தேடினேன் என்பதே மறந்து நின்றேன்.

அக்காவைக் கட்டிக்கொண்டு இத்தனை வருடத்தில் நீங்கள் என் கடைக்குள் கண் காட்ட வந்தது ஒரே முறைதான். மச்சான் கடையில் ஓசிக் கண்ணாடி போட்டுக்கொண்டான் என்று ஊர் பேசிவிடுமாம். அப்படி ஒரு வீம்பு உங்களுக்கு. அன்று ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

“மச்சான், துப்பாக்கி மூக்குல ஒரு மணி இருக்குதே, அது ரெண்டா தெரிஞ்சிகினு கீது. பன்னி ஒண்ணுதான் நிக்குது. எந்த மணிய வெச்சு சுடறது?”

நான் சிரித்தேன். வலது கண்ணை மட்டும் திறந்து படிக்கச் சொன்னபோது சிரிப்பு போய்விட்டது. அது என் கண்ணாடிக்கு அடங்குகிற கோளாறு இல்லை. சர்க்கரை உள்ளே போய் விழித்திரையைத் தின்றுகொண்டிருந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானேதான் அழைத்துப் போனேன். ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், தலைக்கு அதிர்ச்சி மட்டும் ஆகவே ஆகாது என்றார் டாக்டர். நீங்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டீர்கள். திரும்பி வரும் ரயில் மணவூரைத் தாண்டும்போது மெதுவாகக் கேட்டீர்கள், அப்போ சுடும்போது நம்ம மேக்னம் துப்பாக்கி உதைக்கிற உதை கண்ணுக்கு எட்டாம பாத்துக்கினா போதும், இல்ல?

எனக்கு வந்த கோபத்தில் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிப் போயிருப்பேன்.

உங்கள் நைனா காலத்திலிருந்து பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸோடு வீட்டில் இருந்த மேக்னம் ரைஃபிள் அது. காட்டெருமையைச் சாய்க்கச் செய்ததை வைத்துக்கொண்டு வேர்க்கடலைக்குக் காவல் இருக்கிற குடும்பம் என்று நான் எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். ஆனால் கே.ஜி.கண்டிகைக்கு அப்பால் உங்கள் கடலைக் கொல்லையை நானும் பார்த்தேனே. பன்றியைத் தடுக்கத் தறிக்கூடத்திலிருந்து கழிவுச் சேலையெல்லாம் வாங்கி வந்து வரப்பைச் சுற்றிக் கட்டினீர்கள். சலூனில் முடி அள்ளி வந்து தூவினீர்கள். வெடி வைத்தீர்கள். பன்றிகள் சேலைக்கு அடியில் புகுந்து வந்து, ஏர் ஓட்டிய மாதிரி நிலத்தைப் புரட்டிவிட்டுப் போயின. விடிந்ததும் அக்கா வரப்பில் நின்று பார்ப்பாள். அந்த நேரத்தில்தான் ஒரு பேச்சு கிளம்பியது. பன்றியைச் சுட அனுமதி வரப்போகிறதாம், லைசென்ஸ்காரர்களில் குறி தப்பாதவர்களைச் சோதித்து எடுப்பார்களாம். அந்தப் பேச்சை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். மணி ரெண்டாகத் தெரிகிறவன் சோதனையில் தேற முடியாது, ஆகவே ஸ்கோப் போட வேண்டும்.

வேண்டாம் என்று நானும் சொன்னேன், அக்காவும் சொன்னாள். நீங்கள் கேட்கிற ஆள் இல்லை. தனியாக விட்டால் கண்டதை வாங்கி மாட்டிக்கொள்வீர்கள் என்றுதான் நானும் கூட உட்கார்ந்தேன். அப்புறம் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மாதங்களில் நாம் சந்தோஷமாக இருந்தோம். மாப்பிள்ளை பார்ப்பது போல ஒவ்வொரு ஸ்கோப்பாகப் பார்த்து ஒதுக்கினோம். இருப்பதிலேயே பவர் கூடினது எதுவோ அதைக் கொடு என்று நின்றீர்கள். மூக்குக் கண்ணாடி கணக்கு வேறு, இது வேறு பாவா என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். பவர் ஏற ஏறப் பார்க்கிற வட்டம் சுருங்கும், பக்கத்தில் நிற்கிற பன்றியின் முதுகு மயிர்தான் தெரியும். கண்ணையும் கிட்டே கொண்டுபோக வேண்டிவரும். மேக்னம் பின்கட்டையால் தோளில் மோதும்போது ஸ்கோப்பும் கூடவே பின்னால் வரும், கண்ணுக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இடமாவது வேண்டும். ஆகவே பவர் குறைந்தது, கண் தள்ளி நிற்கக்கூடியது, உள்ளே இருக்கும் கண்ணாடிகள் உதைக்கு உதிராதது. நாலு விரலை நெற்றியில் வைத்து வைத்துப் பார்த்தீர்கள்.

வளையத்துக்கும் அதே பாடு. உயரமானது வேண்டாம், கன்னம் கட்டையில் படாமல் தலை அந்தரத்தில் நிற்கும். அலுமினியம் வேண்டாம், எஃகுதான். வளையங்களைத் துப்பாக்கியோடு சேர்க்கிற அடித்தட்டு ஒரே துண்டாக இருக்க வேண்டும், உதையில் நகராமல் தடுக்க அதில் ஒரு முட்டு வேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வளையத்தை வைத்துக்கொண்டு நாம் பேசுவதைப் பார்த்துவிட்டு அக்கா ஒருநாள் சொன்னாள்.

“துப்பாக்கிக்குக் கண்ணாடி போட்டாச்சா? அப்பிடியே அதுக்கு ஒரு ஊசியும் போட்டு இட்டாந்துடுங்க.”

எல்லாம் வந்து சேர்ந்ததும், சென்னைத் துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்டுவதற்கு முன்னால், மலைக்கு எடுத்துப் போனீர்கள். நம் ஊரில் சைக்கிள் வாங்கினாலும் அரிசி மிஷின் வாங்கினாலும் மலை மேல் இருக்கிற அவன் பார்க்காமல் ஓடாது. துப்பாக்கியைக் கொண்டுபோக முடியாது, அதனால் ஸ்கோப்பும் வளையமும் மட்டும் மஞ்சப் பையில். அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் அதை வைத்து நீட்டினீர்கள். குருக்கள் இது இன்னா சாமான் என்று கேட்கவில்லை. எத்தனையைப் பார்த்திருப்பார். ஸ்கோப்பின் உடம்பில் விபூதி பூசினார். பிளந்து கிடந்த அரை வட்ட வளையங்களின் உள்பக்கம் பார்த்து, ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் சந்தனம் அழுத்தினார்.

துப்பாக்கிக் கடையில் பூட்டுகிறவர் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக்கொண்டு வளையத்தை எடுத்தார். நீங்கள் அவர் கையைப் பிடித்துவிட்டீர்கள்.

“சாமி சந்தனங்க. தொடைக்காதீங்க.”

உள்ளே தூசு இருந்தாலே பிடி நிற்காது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். என்னால் என்ன சொல்ல முடியும் பாவா? அதைத் துடைக்கச் சொல்ல இந்த ஊரில் பிறந்த ஒருவனுக்கும் வாய் வராது. அவர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு அப்படியே பூட்டினார். கடைசித் திருகை நானே இறுக்குகிறேன் என்று திருப்புளியை வாங்கிக்கொண்டீர்கள்.

சென்னைப் பக்கத்துத் துப்பாக்கிப் பயிற்சி மைதானம், நல்ல காலை வெயில். முதலில் சுட்டது அட்டையில் ஓரமாக விழுந்தது. சரிசெய்து சுட்ட அடுத்ததும், அதற்கடுத்ததும் நடு வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தன. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பை நான் அக்கா கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு உதைக்கும் ஸ்கோப் அந்தச் சந்தனப் பொடியில் வழுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது நம் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. நீங்களும் அதன் பின்னாலேயே முகத்தை நீட்டி நீட்டிப் பார்த்ததில் நாலு விரல் இடம் எப்போதோ போயிருந்தது. அடுத்த வெடிக்கு அதன் விளிம்பு வலது புருவத்தைப் பிறை மாதிரி வெட்டியது.

ரத்தம் வழிய வழிய வேல் குத்திட்டான் மச்சான் என்று சிரித்தீர்கள். நானும் கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது இலையை வெறித்துப் பார்த்தீர்கள்.

“மச்சான், மேலேர்ந்து கறுப்பா ஒரு தெர எறங்கிகினு வருது.”

அதன் பிறகு நடந்ததை உங்களுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது. விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள், ஒட்டவில்லை. ஒரு கண் போதும் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோதே சர்க்கரை இடது கண்ணையும் எடுத்துக்கொண்டது. சுடுவதற்கான சோதனை என்று ஒன்று வரவே இல்லை, அது வெறும் பேச்சாகவே போயிற்று. ஆடிக் கிருத்திகை அன்று மாடியில் நாற்காலி போட்டு மலை இருக்கிற திசையில் உங்களை உட்காரவைத்தோம். காவடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. லைட்டெல்லாம் போட்டுட்டானுங்களா என்று கேட்டீர்கள். ஆங், போட்டுட்டாங்க பாவா என்றேன். அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சந்தனத்தைத் துடைத்திருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். புருவத் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள்.

“திருகு இறுக்கும்போதே கைக்குத் தெரிஞ்சிச்சு மச்சான், புடி இல்லன்னு. அவன் புடிச்சிக்குவான்னு விட்டுட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னீர்கள். குரலில் வருத்தம்கூட இல்லை. அடுத்த கிருத்திகைக்கு நீங்கள் இல்லை.

ரைஃபிளை முறைப்படி ஒப்படைத்துவிட்டோம். ஸ்கோப் உள்ளே உடைந்திருந்தது. வளையங்களை மட்டும் அக்கா என்னிடம் கொடுத்தாள், வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லையாம். கொல்லையில் இந்தப் போகம் எதுவும் விதைக்கவில்லை. பன்றிகள் இன்னும் வருகின்றன. கிளற ஒன்றும் இல்லாத நிலத்தைக் கிளறிவிட்டுப் போகின்றன. அக்கா கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்குப் போகிறாள். நான் போவதில்லை. உங்களுக்கு அது பிடிக்காது என்று தெரியும். போய் அவன் முகத்தைப் பார்த்து என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை பாவா.

தறிக்காரர் காத்திருந்தார். திருகை முறுக்கி முடித்துவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, அவர் பார்க்கப் பார்க்க அந்தச் சந்தனத்தைத் துடைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. சாமிதுங்க அது என்றார். கண்ணு உங்களுதுங்க என்றேன். கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். இனிமேல் என் கடைக்கு வர மாட்டார்.

அதே பஞ்சோடு உங்கள் வளையங்களைக் கையில் எடுத்தேன். சந்தனம் இறுகிக் கல்லாகியிருக்கிறது, குருக்களின் கட்டைவிரல் ரேகைகூட ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் துணியில் மடித்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். துடைத்தால் நன்றாகப் பிடிக்கும், நல்ல எஃகு, நாம் பார்த்துப் பார்த்து வாங்கியது. பிடித்து நிறுத்த இனி என்ன இருக்கிறது?