கிட்டார் மேல இருக்கிற விரல் தடம்

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க. பட்டறைச் சாவியைத் தேடாதீங்க, நான் வேலைக்கு எடுத்துட்டுப் போறேன்.

பாப்பா நம்மள விட்டுப் போனதுக்கப்புறம் நேத்துதான் பட்டறையைத் திறந்தீங்க. அவளுக்குன்னு செஞ்ச கிட்டார்ல, வார்னிஷ் காயறதுக்குள்ள யாரோ தொட்ட தடம். "உன் வேலைதானே? இனி மொத்தத்தையும் தேய்ச்சு எடுக்கணும்!"னு வீடே இடியற மாதிரி கத்தினீங்க.

காலையில அந்தத் தடத்து மேல விரலை வெச்சுப் பார்த்தேன். என் சுண்டுவிரல்கூட அதுல அடங்கல. அது பாப்பா விரலுங்க.

உப்புத்தாளையெல்லாம் ஒளிச்சு வெச்சுட்டேன். எவ்வளவு வேணா கத்துங்க.

மனசு கேக்கல: சாவியை விட்டுட்டே போறேன். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால இருக்கு. தேய்க்க இல்ல, தொட்டுப் பார்க்க.