நீ சொல்லாமல் விட்ட என் பெயர்

என் உயிரான எஸ்தர் அக்காவுக்கு,

யுத்தம் தொடங்குமுன் நீ போனாய். யுத்தமும் முடிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

உன் சாமுவேலுக்குக் காய்ச்சல் இறங்காத அந்த வாரம், விழுப்புரத்துப் பூசாரியிடம் கறுப்புக் கயிறு மந்திரித்து, முந்தானையில் முடிந்துகொண்டு திண்டிவனத்துக்கு ரயிலேறி வந்தவள் நான். "வேதத்துக்கு வந்தவங்க கயிறு கட்டலாமாடி?" என்று கேட்டாய். "புள்ள பொழைக்கட்டும், ஏசுசாமிய அப்புறம் சமாதானம் பண்ணிக்கலாம்" என்றேன். மூன்றாம் நாள் பிள்ளை போனான். கயிறு கட்டியதால்தான் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று நீ சோற்றைத் தள்ளினாய்.

உங்கள் சபை உபதேசியாரிடம் மனசைத் திறந்து சொல், பாரம் இறங்கும் என்று உன்னை அனுப்பியதும் நான்தான். வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, நீ முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லையாம். "ஏசுசாமி ஒரு கயித்துக்காகப் புள்ளையக் கொல்றவரு இல்லம்மா. அழுவணும்னா அழு" என்றாராம். அன்றைக்கு நீ கேப்பைக் களி இரண்டு உருண்டை தின்றாய். அதையும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் கண்ணை மூடி, நெஞ்சுருகி ஜெபித்தார்: "பிதாவே, பிள்ளைக்குப் பூசாரி கயிற்றைக் கட்டின எங்கள் சகோதரி எஸ்தரை மன்னித்தருளும்." நல்ல எண்ணத்தில்தான். யாருக்கு நோவு என்றாலும் பெயர் சொல்லி ஜெபிப்பது சபை வழக்கம். ஆமென் சொன்ன வாயெல்லாம் உன் பக்கம் திரும்பின. உன் மாமியார் பாயில் இருந்தபடியே கத்தினாள்: "என் பேரனக் கயிறு கட்டிக் கொன்னுட்டு, இங்க வந்து முக்காடு போட்டுக்கினு குந்தியிருக்கியா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். அவரிடம் எல்லாம் சொன்னவள், கயிறு கொண்டுவந்தது யார் என்று மட்டும் ஏனக்கா சொல்லவில்லை?

பிறகு நீ கோயில் படி ஏறவில்லை. யாரிடமும் வாய் திறக்கவில்லை, சோற்றையும் மறுபடி தொடவில்லை. அறுப்புக்கு முன்னால் உன்னையும் பிள்ளை பக்கத்தில் புதைத்தோம். குழியருகே உபதேசியார் அழுதார். அழட்டும் என்று நின்றேன். அன்றிலிருந்து அந்த மனுஷர் எதிரே வந்தால்கூட நான் தோத்திரம் சொன்னதில்லை.

இப்போது கேள். திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் ரூத் தன் பிள்ளையைப் பறிகொடுத்தாள். காய்ச்சலோடு விட்டுவிட்டு கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை பறிக்கப் போனேனே என்று சுவரில் முட்டிக்கொண்டாள். அதே உபதேசியார் தடி ஊன்றிக்கொண்டு வந்தார். வாசலில் மறித்தேன்.

"உள்ள சொல்றது உள்ளயே இருக்குமாய்யா?"

"எஸ்தரம்மா விஷயத்துல நான் பண்ணது தப்பும்மா. அதுக்கப்புறம் யார் பேரையும் ஜெபத்துல எடுக்கறதில்ல" என்றார்.

மூன்று வாரம் வந்து உட்கார்ந்தார். ரூத் கஞ்சி குடிக்கிறாள். ஞாயிறன்று "துக்கத்தில் இருக்கிறவர்கள்" என்று மட்டும் சொல்லி ஜெபித்தார். இதைக் கற்றுக்கொள்ள அவருக்கு உன் உயிர்தானா கிடைத்தது? என் ஆத்திரம் ஆறவில்லை. ஆனால் அவர் தம் தப்பைச் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருப்பவள் நான் ஒருத்திதான்.

வரும் ஞாயிறு, ஜெபம் வேண்டுகிறவர்கள் உண்டா என்று அவர் கேட்கும்போது எழுந்து நிற்பேன். உன் பெயரை எடுக்கமாட்டேன். கயிறு கொண்டுவந்தவள் என்று என் பெயரைச் சொல்வேன். உன் மாமியார் இன்னும் முதல் பாயில்தான் குந்துகிறாள், காது மந்தம். அவளுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வேன்.

நீ கடைசிவரை காட்டிக்கொடுக்காத
உன் தங்கச்சி மார்த்தாள்