சத்தம் வராத பதினைந்து கீ

என் தங்க அப்பாவுக்கு,

கோபத்தோடு எழுத உட்கார்ந்தாலும் கை 'தங்க அப்பா' என்றுதான் ஆரம்பிக்கிறது. பழக்க தோஷம். அதை வெட்டப் போவதில்லை. ஆனால் இதற்குக் கீழே வரப்போவது உங்களுக்குப் பிடிக்காது, முன்னாடியே சொல்லிவிட்டேன்.

உங்கள் சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி எந்த விறகில் கொதித்தது தெரியுமா? நீங்கள் எனக்குச் செய்து தந்த பலகையில். நீங்கள் வீட்டு முன் காம்பராவில் வெள்ளைச் சட்டையோடு பெட்டிக்குள் படுத்திருந்தீர்கள். நான் பின்னால் போய் இரண்டு பலகையையும் கோடாலியால் பிளந்து அடுப்பில் வைத்தேன். அம்மா ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"அடியே, அது ஒங்கப்பா கை பட்ட பலகைடி! பாவம் புடிக்கும்."

"அவரு கை பட்டது பலகையில மட்டுமாம்மா?"

அம்மா கையை விட்டுவிட்டார். பெயின்ட் அடித்த பலகை என்பதால் ஒரே புகை, கண்ணெல்லாம் எரிச்சல். மகள் அழுகிறாள் என்று நினைத்து வந்தவர்கள் தோளில் தட்டிக் கொடுத்தார்கள். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அந்தப் பலகைக் கதையை நீங்கள் தோட்டம் முழுக்கச் சொல்லியாயிற்று. என் பக்கத்தை யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், உங்களுக்கும், கேட்கிற மற்றவர்களுக்கும்.

எனக்கு அப்போது பதினாலு வயது. குருவிட்டவுக்கு மேலே நம் ரப்பர் தோட்டத்து சர்ச்சில் ஒரு கீபோர்ட் இருந்தது. சர்ச்சுச் சாவி உங்களிடம். போதகரம்மா எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு மாற்றல் வரப்போகிறது என்று தெரிந்ததும், போவதற்கு முன் என்னை ஒரு பரீட்சையாவது எடுக்க வைத்துவிட வேண்டும் என்று நேரே கிரேட் ஃபைவுக்குப் பெயர் கொடுத்தார். அதில் ஒரு பாட்டில் இடது கை கீழே இறங்கிக்கொண்டே போகும். நம் கீபோர்ட் அதற்குள் முடிந்துவிடும்.

"இதுக்குப் பியானோ வேணும் பாஸ்," என்றார் போதகரம்மா. தோட்டத்துத் தச்சு வேலையெல்லாம் உங்களுடையது என்பதால் அவருக்கும் நீங்கள் 'பாஸ்'தான். "கீபோர்ட்ல அறுபத்தொரு கீதான் இருக்கு. பியானோவுல எம்பத்தெட்டு."

"மிச்சம் இருபத்தேழுதானேங்க? நான் செஞ்சிர்றேன்," என்று அடுத்த வாரம் வந்து சொன்னீர்கள்.

போதகரம்மா சிரித்தார், பகிடி என்று நினைத்து. நீங்கள் பகிடி பண்ணுகிற ஆளா?

ரப்பர் மரப் பலகையில் செய்தீர்கள். இடது பக்கத்துக்குப் பதினைந்து, வலது பக்கத்துக்குப் பன்னிரண்டு. கீபோர்டின் விளிம்பு பிளாஸ்டிக் இடைஞ்சலாக இருக்கிறதென்று அதன் மேலே ஏறி உட்காரும்படி பலகையின் அடியைச் செதுக்கினீர்கள். வெள்ளைக்குப் பெயின்ட். கறுப்புக்கு உங்கள் சப்பாத்துப் பொலிஷ். பார்க்க அவ்வளவு அழகு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் சத்தம் வராது. என் கை கீழே இறங்கியதும் பாட்டு பாதியில் செத்துப்போகும். நான் மரத்தைத் தட்டிக்கொண்டிருப்பேன். பிறகு கை மேலே ஏறினால் பாட்டுக்கு உயிர் வரும். ஏழு மாதம் அப்படித்தான் வாசித்தேன்.

சத்தம் வருகிற இடத்தில் தப்பினால் உங்களுக்குத் தெரியாது, உங்களுக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியாதே. பலகையில் தப்பினால்தான் கண்டுபிடிப்பீர்கள். பாட்டில் அந்த இடத்துக்குக் கறுப்புக் கீயே தேவை கிடையாது. வாசித்து முடித்ததும் "வெரல காட்டு" என்பீர்கள். நுனியில் பொலிஷ் ஒட்டியிருந்தால் தப்பாகத் தொட்டிருக்கிறேன் என்று அர்த்தம். எந்த விரலோ அந்த விரலின் முட்டியில் உங்கள் தச்சு மட்டக்கோல் விழும்.

"சத்தம் வராத எடத்துலதான் நீ ஏமாத்துவ. எனக்குத் தெரியாதா ஒன்னைய?"

ரப்பர் பால் வெட்டிவிட்டுக் களைத்து வருகிற அம்மா சர்ச்சு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள்கூட "போதும் விடுங்க" என்று சொன்னதில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். இப்போது காது மந்தம், வாசித்துக் காட்டினாலும் கேட்காது.

பரீட்சைக்குக் கொழும்புக்குக் கூட்டிப்போனீர்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பியானோவைத் தொட்டேன். ஆரம்பம் நன்றாகத்தான் போனது. இடது கை கீழே இறங்கியது. ஏழு மாதம் ஊமையாக இருந்த இடத்திலிருந்து சத்தம் வந்தது அப்பா. என்ன ஒரு சத்தம்! நெஞ்சுக்குள் இடித்தது. நான் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், யார் அது என்று. பரீட்சகர் அம்மா 'வாசி, வாசி' என்று கையைக் காட்டினார். எனக்கு எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. நீங்கள் வெளியே கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

திரும்பி வருகிற பஸ் அவிசாவளையைத் தாண்டியது. பிறகு கேட்டீர்கள்.

"பலகையில சரியாத்தானடி போட்ட? அங்க போயி என்ன கேடு வந்துச்சு?"

"சத்தம் வந்துச்சுப்பா."

"சத்தம் வராம பின்ன என்னடி வரும்?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஒரு பொம்பளை சிரித்தாள்.

ஃபெயில் என்று கடிதம் வந்தபோது நீங்கள் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அதற்குப் பதில் ஊருக்கெல்லாம் ஒரு வார்த்தை சொன்னீர்கள்: "காது இல்லாத புள்ள. நான் என்ன செய்ய?" தோட்டத்துக் கிளாக்கரிடம் சொன்னீர்கள், கடையில் சொன்னீர்கள், புதிதாக வந்த போதகரிடமும் சொன்னீர்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாடகர் குழுவில் நிற்கப் போன என் காதில் வந்து, "நீ வாய மட்டும் அசை, சத்தம் போடாத" என்றீர்கள்.

அசைத்தேன். இருபத்திரண்டு வருஷம் அசைத்தேன். என் கல்யாண ஆராதனையில் மணப்பெண்ணாக நின்றுகொண்டு வாயை மட்டும் அசைத்தவள் நான். தாலாட்டு வேண்டும் என்று பிள்ளை அழுதபோதுகூட ரேடியோவைப் போட்டுவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், எனக்கு நீங்கள் செய்ததை எந்த அப்பன் செய்வான்?

சரி, சாவு வீட்டுக்கு வருகிறேன். பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றாரே, அவருடைய மனைவி குசும் மிஸ் வந்திருந்தார். உங்கள் பலகையில் கொதித்த தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அனே மகளே, ஒங்கப்பாவை மறக்க முடியாது. நீ சின்னப் புள்ளையா இருக்கயில எங்க வீட்டுக்கு வந்தாரு. மகளுக்குப் பியானோ பழகணும்னாரு. சனிக்கிழமையில அனுப்புங்க, பின்பக்கமா வரச் சொல்லுங்கன்னேன். ஒடனே மொகம் மாறிப்போச்சு. 'அளந்துக்கலாமா நோனா'ன்னு கேட்டாரு. டேப்ப வச்சு ஒவ்வொரு கீயா அளந்தாரு. 'எங்க புள்ளைக்கு வீட்டுலயே பியானோ இருக்கு நோனா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

எனக்கு ஒரு பியானோ கிடைத்திருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்றிருக்கிறீர்கள். என்னிடம் மூச்சு விடவில்லை.

ஆனால் 'பின்பக்கமா' என்பது உங்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் காதிலும் அப்படித்தான் விழுந்தது. அம்மா தொரை பங்களாவுக்குத் துணி துவைக்கப் போனது பின்பக்கமாக. நீங்கள் ஜன்னல் மாட்டப் போனதும் பின்பக்கமாக. மகளாவது அப்படிப் போகக் கூடாது என்று நினைத்தீர்கள், இல்லையா? உங்களைத் திட்டிக்கொண்டே உங்களை நினைத்துப் பெருமைப்பட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. பெட்டியை மூடுவதற்கு முன் உங்கள் நெற்றியில் முத்தம் கொடுத்தேனே, அது அதற்காகத்தான்.

இப்போது உங்கள் பேத்தி விஷயம். ஷரோனுக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த மாதம் அவளுக்கும் கிரேட் ஃபைவ். அதே கதைதான்: வீட்டில் கீபோர்ட், கீழே இறங்கினால் கீ இல்லை. உண்மையான பியானோவில் பழகாமல் போகாதே என்று பள்ளிக்கூட மியூசிக் மிஸ் சொல்லி அனுப்பினார்.

"குசும் மிஸ் வீட்டுல இருக்குதானே, கேட்டா என்னவாம்?" என்றார் என் புருஷன்.

"பின்வாசல்ல போயி நிக்கச் சொல்றீங்களா?"

யார் பேசியது அது? நானா, நீங்களா? மாதக்கணக்கில் இழுத்தடித்தேன். கீபோர்ட் முடிகிற இடத்தில் ஷரோன் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். போன மாதம் ஒரு பின்னேரம், வேலை முடிந்து வந்த களைப்பில், அவள் தப்பும் தவறுமாக வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் கத்திவிட்டேன்.

"ஒனக்குக் காதே இல்லடி!"

அப்பா, அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. உங்கள் குரலிலேயே வந்தது. பிள்ளை கீபோர்டை அணைத்துவிட்டு எழுந்து போனாள். மூன்று நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

நாலாவது நாள் சனிக்கிழமை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு குசும் மிஸ் வீட்டுக்குப் போனேன். பின்பக்கமாகத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனேன்.

பின்படியில் செருப்புகள் கிடந்தன. பிள்ளைகளின் செருப்புகள், ஏழெட்டுச் சோடி. நம் தோட்டத்துக்கு வந்த புதுத் தொரையின் மகள் பியானோவில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சப்பாத்தும் அந்தப் படியில்தான் கிடந்தது.

"மிஸ், எல்லாரும் பின்பக்கமாவா வர்றாங்க?" என்று கேட்டேன்.

"எப்பவும் இப்படித்தானே," என்றார் அவர். "அந்தக் காலத்துல முன் ரூம்ல எங்க மாமியார் படுத்த படுக்கை. சத்தம் ஆகாதுன்னு பியானோவப் பின்னுக்கு வச்சோம். டாக்டரோட புள்ளைகளும் இந்தப் படியிலதான் ஏறி வந்தாங்க. ஏன் மகளே?"

என் செருப்பையும் ஷரோனின் செருப்பையும் அந்தப் படியிலேயே கழற்றி வைத்தேன்.

இதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். செத்தவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அம்மா சொல்வார். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகவே எழுதுகிறேன். அங்கே உங்களை யாரும் அவமானப்படுத்தவில்லை அப்பா. அந்த மனுஷி எல்லாருக்கும் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொன்னார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்கவில்லை. நம்மைக் கேட்கப் பழக்கவில்லை என்பீர்கள். அதுவும் சரிதான். ஆனால் அதற்கு என் விரல் முட்டி என்ன பண்ணியது? நான் உங்கள் மேல் வைத்திருந்த ஒரே ஒரு பெருமையும் அந்தச் செருப்புகளோடு போய்விட்டது.

ஷரோன் வாசித்து முடித்ததும் குசும் மிஸ் என்னை உட்காரச் சொன்னார். மாட்டேன் என்றேன். "எனக்குக் காது இல்லீங்க மிஸ்" என்றேன், ஏதோ சக்கரை வியாதி இருக்கிறது என்று சொல்வதுபோல. அவர் என்னை இழுத்து உட்கார வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு இடது கையைக் கீழே இறக்கினேன். விரல் நேராகப் போய் அந்தக் கீயில் உட்கார்ந்தது. அதே சத்தம். உங்கள் அளவு ஒரு நூல்கூடத் தப்பவில்லை அப்பா.

பிறகு அவர் வேறு ஒரு கீயைத் தட்டி, "இதைப் பாடு" என்றார். வெட்கத்தோடு முனகினேன். இன்னொன்று தட்டினார், பாடினேன். கறுப்பில் ஒன்று, மேலே ஒன்று, இரண்டு கீயைச் சேர்த்துத் தட்டி, அதில் கீழ்ச் சத்தம் மட்டும் ஒன்று. எல்லாம் சரியாக வந்தது.

"யாரு சொன்னது ஒனக்குக் காது இல்லன்னு?" என்று சிரித்தார் அவர்.

அரை நிமிஷம் எடுத்தது. இருபத்திரண்டு வருஷத்தை அழிக்க அரை நிமிஷம். ஷரோன் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"அம்மா, ஒங்களுக்குப் பாட வருமா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வருகிற வழியில், சொன்ன வார்த்தைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் ஒரு தடவையாவது என்னிடம் கேட்டிருக்கிறீர்களா? சாகக் கிடந்தபோதுகூட, "கட்டில் காலு ஆடுது, ஆப்பு வையி" என்றுதானே சொன்னீர்கள்.

அடுத்த மாதம் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போவேன். கதவில் காதை வைக்க மாட்டேன். பாஸானாலும் ஃபெயிலானாலும் பஸ்ஸில் ஒன்றுதான் கேட்பேன்: "சத்தம் எப்படி இருந்துச்சு?"

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உங்களுடைய ஒரு வருஷ நினைவு ஆராதனை. நம் சர்ச்சில்தான். உங்களுக்குப் பிடித்த பாட்டைப் பாடுவார்கள், நானும் முன்வரிசையில் நிற்பேன். வாயை மட்டும் அசைக்க மாட்டேன் அப்பா. ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி, கல்லறை வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் பாடுவேன். நிறுத்து என்று சொல்ல இந்தத் தடவை உங்களால் எழுந்து வர முடியாது.

காது இல்லாதவள் என்று நீங்கள் ஊருக்குச் சொன்ன,
உங்கள் ஒரே மகள்