பேச்சில் தொற்றாத இருமல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பும் மனசும் நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் வரிக்கு வரி குறுக்குக் கேள்வி கேட்பாய், அதனால்தான் கடிதம்.

போன மாதம், இருமல் லீவு ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டுபிடிக்க எங்கள் லாண்டரிக்கு ஓர் ஆய்வாளர் வந்தார். மருத்துவமனைத் துணிகளுக்கு இஸ்திரி போடுகிற எங்கள் நாற்பது பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, யாரோடு பேசுவீர்கள், யாரோடு சாப்பிடுவீர்கள், உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். உன்னைப் போலப் படித்தவராயிற்றே என்று நானும் மனம் விட்டுச் சொன்னேன். போன திங்கட்கிழமை கூட்டம் போட்டார்கள். சுவரில் ஒரு படம், முழுக்கப் புள்ளியும் கோடும். நடுவில் பெரிதாக ஒரு புள்ளி, பாதிக் கோடுகள் அதில்தான் வந்து விழுந்தன. அது நானாம். இருமல் என்று லீவு போடுகிறவர்கள் எல்லாரும் என்னோடு பழகுகிறவர்களாம், என்னைப் பார்த்துத்தான் அவர்களும் போடுகிறார்களாம். மேலாளர் அத்தனை பேர் முன்னாலும், ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும்மா என்று சொல்லி, என்னைப் பக்கத்துக் கட்டிடத்துக்கு மாற்றும் தாளை நீட்டினார். பதினெட்டு வருஷ உழைப்புக்கு விஷம் என்று பேர். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ ஒருமுறை சொன்னாயே, ரெண்டு பேர் நனைஞ்சு வந்தா ஒருத்தர் இன்னொருத்தரை நனைச்சுட்டாங்கன்னு சொல்ல முடியாதும்மா, ரெண்டு பேர் மேலயும் ஒரே மழை பெஞ்சிருக்கலாம் என்று, அது அப்போது நினைவுக்கு வந்தது. எழுந்து நின்றேன். சார், இந்தப் படத்துல எக்ஸாஸ்ட் ஃபேன் எங்க இருக்கு என்று கேட்டேன். மேற்குச் சுவரில் அது ஓடி எட்டு மாதம் ஆகிறது. கறை எடுக்கும் மருந்தின் நெடி முழுக்க அந்தச் சுவரோரம் இருக்கிற ஆறு மேசைகள் மேல்தான். நானும் இருமுகிற மற்றவர்களும் வேலை செய்வது அங்கேதான். பக்கத்துப் பக்கத்து மேசை என்பதால்தான் எங்களுக்குள் பழக்கமே வந்தது. அதோடு விடவில்லை. மூன்று மாதம் முன்னால் இடத்துக்குச் சண்டை வந்து, சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சிலருக்கு மேசை மாற்றினார்கள். எங்கள் வரிசையில் இருமிக்கொண்டிருந்த, பொத்தானும் தைக்கிற அக்கா கிழக்கே போனாள். இன்றைக்கும் மதியச் சாப்பாடு என்னோடுதான், ஆனால் இருமல் போன இடம் தெரியவில்லை. என்னிடம் இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத, அதனாலேயே நான் மௌனசாமி என்று பேர் வைத்திருக்கிற ஒருவர் மேற்கே வந்தார், மூன்றே வாரத்தில் இருமல். என் பேச்சுதான் தொத்துதுன்னா பேசாதவருக்கு எப்படி சார் தொத்துச்சு என்றேன். மௌனசாமியே எழுந்து, அந்தம்மாகூட நான் பேசறதில்லைங்க, இனிமேலும் பேசப்போறதில்லை, ஆனா அவங்க சொல்றது நிஜம் என்றார். கூடமே சிரித்தது.

ஆய்வாளர் முகம் சிவந்து, மேசை மாறிய பட்டியலை யாரும் தன்னிடம் கொடுக்கவில்லை, அதைப் பார்க்காமல் இப்படி ஒரு முடிவைச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். அந்த மட்டில் நல்ல மனுஷன். மேலாளர் மட்டும், அதெல்லாம் அப்புறம், முதல்ல கையெழுத்தைப் போடுங்க என்றார். நான் போடவில்லை. மறுநாள் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அப்பா பயப்படுகிறார், போட்டுத் தொலைச்சிருக்கலாமே என்கிறார். ஃபேன் இன்னும் ஓடவில்லை. நாங்கள் ஆறு பேரும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்கிறோம். மேலாளர் வந்து மூடுகிறார், அவர் போனதும் மௌனசாமி திறக்கிறார்.

நீ யாரிடமும் தலை குனியாமல், நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று செய் கண்ணு. மேசை மாறுவதற்கு முன்னும் பின்னும் யார் யார் எத்தனை நாள் லீவு என்று விசாரித்து எட்டுப் பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முறையாகக் கணக்குப் போட்டுப் பார். அம்மாவாயிற்றே என்று எனக்காக வளைக்காதே. நான் சொன்னது தப்பென்று வந்தால் அதையும் மறைக்காமல் எழுது, அதே கூடத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டுவிட்டு, உட்காருவதற்கு முன்னால் ஃபேனை எப்போது சரி செய்வீர்கள் என்றும் கேட்பேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் பிடிவாதக்கார அம்மா