செம்பட்டி முதல் வண்டி

இன்று ஆயுத பூஜை. பேருந்து நிலையத்துக்குள் கால் வைத்ததுமே நசுங்கிய எலுமிச்சம்பழ வாசம் மூக்கில் ஏறியது. வண்டிக்கு வண்டி வாழைக்கன்று, முகப்பில் மாலை. உன் வண்டி நிற்கிற இடத்தில் இப்போது பளபளவென்று வேறொரு வண்டி நிற்கிறது. பெயர்கூட பெயிண்டில் இல்லை, விளக்கில் ஓடுகிறது. அதன் கண்டக்டர் எனக்கும் ஒரு பொரிப் பொட்டலம் நீட்டினார். நீ வருஷா வருஷம் தருகிற பொட்டலத்தில் கடலையைத் தேடித்தான் எடுக்க வேண்டும், கஞ்சப் பிசினாறி. இவர் கொடுத்ததில் கடலை நிறையவே இருந்தது. ஆனாலும் தின்ன மனசு வரவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் என்றால் பாதியிலேயே குறுக்கே பேசியிருப்பாய். இப்படி எழுதினால் முழுசாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நம் பகை வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஒரே தொழில், ஒரே ரோடு. செம்பட்டிக்கு மேற்கே தோட்டத்து ஊர்களில் புறப்பட்டு, செம்பட்டி வழியாகத் திண்டுக்கல். விடியும் முன்பே உன் முதல் நடை, வெளுத்த பிறகு என்னுடையது. அதன்பின் நாள் முழுக்க முன்னும் பின்னும். முன்னால் போகிறவனுக்கு ஆள், பின்னால் வருகிறவனுக்குப் புழுதி. உன் நேரம் முடிந்த பிறகும் செம்பட்டி முக்கில் எஞ்சினை உறுமவிட்டபடி நீ நிற்பாய். நான் பின்னால் வந்து ஹாரனை அழுத்துவேன். நீ ஜன்னலில் தலையை நீட்டி, "ஏலே அருளு, ஹாரன் தேஞ்சுறப் போகுதுடா" என்பாய். நகர மாட்டாய்.

அப்போது நாம் இரண்டு பேருமே முதலாளி, இரண்டு பேருமே டிரைவர். ஆளுக்கொரு பழைய வண்டி. பிறகு நான் நான்கு வாங்கினேன், நீ மூன்று. நேரம் ஒதுக்குகிற விசாரணைக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால் நான் கேட்பதற்கு நீ ஆட்சேபணை, நீ கேட்பதற்கு நான் ஆட்சேபணை. நம் கோப்பைத் திறக்கும்போதே அங்கே பெருமூச்சு விடுவார்கள். உன் முதல் நடையின் நேரத்தைப் பிடுங்க நான் எத்தனை முறை மனுப் போட்டிருப்பேன்! அந்தக் காலத்தில் அதில்தான் பூ மூட்டையும் மில் ஆட்களுமாக வண்டி சாய்ந்துகொண்டு போகும். நீ விட்டுக்கொடுக்கவே இல்லை.

அதில் ஒரு சண்டைக்குப் பிறகு நாம் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தோம். அந்த நாட்களில்தான் ஒரு காலையில் உன் வண்டி ஆக்ஸில் ஒடிந்து ரோட்டோரம் படுத்துவிட்டது. உன் ஆட்களெல்லாம் புளியமரத்தடியில் நின்றார்கள். என் வண்டியை நிறுத்தினேன். எல்லாரும் ஏறினார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த என் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். வழியில் நின்றுபோன வண்டியின் டிக்கெட் பின்னால் வருகிற வண்டியிலும் செல்லும். எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கிறதா தெரியாது, நம் ரோட்டில் அதுதான் வழக்கம். ஒருவர் கழுத்தை ஒருவர் அறுக்கிறவர்களும் அதை மீறியதில்லை. நீ கடைசியாக ஏறினாய். உட்காரச் சொன்னேன், கேட்காமல் படியிலேயே தொங்கிக்கொண்டு வந்தாய். நிலையத்தில் இறங்கி இரண்டு டீ சொன்னாய். குடித்து முடிக்கும் வரை முறைத்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாளைக்கும் முக்குல நிப்பேன், பாத்துக்க" என்றாய்.

அதுதான் நாம் சிநேகிதர்களான நாள் என்று நினைக்கிறேன். மறுநாள் சொன்னபடியே நின்றாய். நானும் ஹாரன் அடித்தேன். ஆனால் சாயங்காலம் வண்டியைப் போட்டதும் நாகல் நகரில் உன் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டேன். பூஜைக்கு நீ பொரி கொடுத்தாய். பங்குச் சாமியார் என் வண்டியை மந்திரித்தபோது நீ செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றாய். மறுநாள் காலை மறுபடியும் பகை. எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது. உன்னிடம் சொன்னதில்லை.

பிறகு காலம் மாறியதை நீயே பார்த்துவிட்டுத்தான் போனாய். வீட்டுக்கு வீடு பைக். பெண்கள் கட்டணமில்லாத அரசு வண்டிக்குக் காத்திருக்கிறார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? டிரைவர் கிடைப்பதில்லை. நீ கண்ணை மூடிய பிறகு உன் மகள் என்னிடம்தான் முதலில் வந்தாள். "மாமா, நீங்க எடுத்துக்கிறீங்களா?" என்றாள். இருப்பதை ஓட்டவே எனக்கு ஆளில்லை. வந்த விலைக்குக் கொடுத்துவிடும்மா என்றேன். பல ஊர்களில் வண்டி விடுகிற பெரிய கம்பெனி ஒன்று உன் மூன்று பெர்மிட்டையும் வாங்கியது. நல்லவிதமாகத்தான் நடத்துகிறார்கள், குறையில்லை. அவர்கள் யாரும் முக்கில் நிற்பதில்லை. நேரம் வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். என்னை எல்லாரும் ஐயா என்கிறார்கள். மரியாதை ஒரு மனிதனை இம்புட்டுத் தனியாக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது.

போன மாதம் அந்தக் கம்பெனி உன் முதல் நடையை எடுத்துவிட்டு, அதைச் சாயங்காலக் கூட்டத்துக்கு மாற்றித் தரும்படி மனுப் போட்டது. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மேனேஜர் சின்ன வயசு, பணிவாகப் பேசினார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த நடையில் இப்போது பூ மூட்டையோடு சில பெண்கள், முதல் ஷிப்டுக்குப் போகிற மில் ஆட்கள் கொஞ்சம், ஆஸ்பத்திரிக்குப் போகிற நர்ஸ் ஒருத்தி. அவ்வளவுதான். டீசல் காசுக்குக் கட்டாது. இருட்டில் எழுந்து வர டிரைவர்களும் தயங்குகிறார்கள்.

ஆட்சேபணை உண்டா என்று அதிகாரி கேட்டார். நான் எழுந்தேன். நீ உட்காருகிற பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்.

"முதல் வண்டி நின்னா அந்த ஆளுகளும் உங்க வண்டிக்குத்தான வருவாங்க? உங்களுக்கு லாபம்தானே பெரியவரே" என்றார் அதிகாரி.

என் வண்டி போய்ச் சேருவதற்குள் பூ மார்க்கெட்டில் விலை படிந்துவிடும், மில் கேட்டையும் சாத்திவிடுவார்கள் என்றேன். அது உண்மைதான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அது மட்டும் காரணமில்லை. உன் வண்டிக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள். நிறம் மாற்றிவிட்டார்கள். இந்த ரோட்டில் உன்னுடையது என்று மிஞ்சியிருந்தது அந்த நேரம் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் எனக்கு முன்னால் நீ போனாய் என்பதற்கு எதுவுமே இருக்காது. இதை அதிகாரியிடம் எப்படிச் சொல்வது?

மேனேஜர்தான் வழி சொன்னார். "ஐயா வேணும்னா அந்த டைமை எடுத்துக்கட்டும் சார். ஐயாவோட காலை டைமை எங்களுக்குக் குடுத்தாப் போதும்."

என் காலை நேரம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆபீஸ் போகிறவர்களும் ஏறுவதால்தான் என் கம்பெனியே இன்னும் மூச்சு விடுகிறது. என் மகன் கோயம்புத்தூரிலிருந்து போனில் கத்துவான் என்று தெரியும். பிறகு அப்படியே கத்தினான். நீ இருந்திருந்தால் நாற்காலி விழ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். இத்தனை வருஷம் நான் பிடுங்கப் பார்த்ததை, காய்ந்துபோன பிறகு, கறக்கிற மாட்டைக் கொடுத்து வாங்குகிறேனே!

"எடுத்துக்கிறேன் சார்" என்றேன்.

இந்த வாரம் தொடங்கிற்று. முதல் நாள் டிரைவருக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்து வந்தேன். தோட்டத்து ஊர்களில் ஒவ்வொருவராக இருட்டிலிருந்து வந்து ஏறினார்கள். ஒரு அம்மா மல்லிகை மூட்டையைப் பின்பக்கம் தள்ளிவிட்டு, "அவரு வண்டி வராதுன்னு சொன்னாகளே" என்றார். உன்னைத்தான் சொல்கிறார். வண்டிதான் வேறம்மா, நேரம் அதேதான் என்றேன். அவர் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டார். தூங்கிவிட்டார்.

செம்பட்டி முக்கில் டிரைவர் நிறுத்தினார். நேரம் முடிந்தது. அவர் கியரைப் போட்டபோது, செத்த நேரம் நிற்கட்டும் என்றேன். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலில் தலையை நீட்டி நீ நிற்பதுபோலவே நின்றேன். யார் வந்து ஹாரன் அடிக்கப் போகிறார்கள்? பின்னால் வத்தலக்குண்டு ரோடு இருட்டாகக் கிடந்தது.

"யாருக்கு வெயிட் பண்றோம் ஐயா? பின்னாடி வண்டியே இல்லையே" என்றார் டிரைவர்.

போகலாம் என்றேன். திண்டுக்கல் வந்து சேரும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.