ஒன்றும் செய்யாது என்று நீங்கள் சொன்ன நாய்

மாமா,

கஹவத்தையில் நாங்கள் இப்போது இருக்கும் வாடகை அறைக்குப் பின்னால், கடைக்காரர் வீட்டில் ஒரு நாய் வளர்க்கிறார்கள். அதற்குக் கருவாட்டுத் தலையும் மஞ்சளும் போட்டுச் சோறு வேகவைப்பார்கள். இன்று காலையில் நல்ல மழை. நீங்கள் அந்த நாய்க்கு வேகவைப்பீர்களே, அதே வாடை வெளியே போகாமல் எங்கள் அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுப்பில் இருந்த தேத்தண்ணியை மறந்துவிட்டு, பிள்ளை எங்கே என்று வாசலுக்கு ஓடினேன். அவள் அதற்கு முன்பே பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஆனாலும் அந்தப் பழைய பயம் போகவில்லை. கூடவே உங்கள் மேல் கோபமும் வந்தது. செத்துப்போன மாமனார் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று உங்கள் மகன் கேட்கிறார். அவருக்கு என்ன, அவர் கொழும்பில் இருந்தார்.

நீங்கள் பிரின்ஸைக் கூட்டிக்கொண்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேயிலைத் தோட்டத்துத் தொரை பங்களாவில் முப்பது வருசமாகச் சமையல் பார்த்தவர் நீங்கள். தொரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலாகி, பங்களாவை மூடிவிட்டார்கள். அன்று பொழுது சாய, ஒரு கையில் உங்கள் தகரப்பெட்டியும் மறு கையில் சங்கிலியுமாக, தொழிலாளர் வரிசை வீடுகளான நம் லயத்துக்கு இறங்கி வந்தீர்கள். சங்கிலியின் மறுமுனையில் அம்மிக்கல் மாதிரி நெஞ்சோடு ஒரு நாய் நின்றது. இஸ்தோப்புத் திண்ணையில் இருந்த அத்தனை பேரும் அவரவர் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் போய்விட்டார்கள்.

"யாரு நாய் மாமா இது?"

"தொரையோட பிட்புல். பேரு பிரின்ஸு. புது பங்களா சரியானதும் தொரை வண்டி அனுப்புவாரு. அதுவரைக்கும் நாமதான் பாத்துக்கணும்."

"எங்க கட்டுறது? இருக்கிறது ஒரு காம்பரா."

"உள்ளதான். இது வெளியில படுத்துப் பழகல தாயி. ஒன்னும் செய்யாது."

அந்த 'ஒன்னும் செய்யாது' என்ற சொல்லை அதன்பிறகு எத்தனை முறை கேட்டேனோ, எனக்கே தெரியாது. தொரை வீட்டு நாய் என்பதால் அதை ஒருவரும் கல்லால் அடிக்கவில்லை, விரட்டவும் இல்லை. நீங்களும் அதைத் தொரையைப் போலவேதான் நடத்தினீர்கள். முதல் பாண் ரொட்டித் துண்டு அதற்கு. அடுப்புக்குப் பக்கத்துச் சூடான மூலையும் அதற்கு. நானும் பிள்ளையும் சுவரோரம் ஒடுங்கிப் படுத்தோம். அப்போதுதான் அவள் சுவரைப் பிடித்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். உங்கள் மகன் கொழும்புக் கடையில் வேலை. யுத்தக் கெடுபிடி அதிகமாக இருந்த காலம் அது. லீவு கிடைத்தாலும் வழியில் செக்பொயின்டில் பிடித்து வைத்துவிடுவார்களோ என்று பயந்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான் வருவார்.

காலையில் நான் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். போகாவிட்டால் அடுப்பு எரியாது. பிள்ளையைத் தோட்டத்து ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் போகிறேன் என்றால் நீங்கள் விடவில்லை. "நான் வீட்டுல சும்மாதான இருக்கேன், பேத்திய ஆயாகிட்ட எதுக்கு விடணும்?" என்பீர்கள். மலையில் நிற்கும்போது என் கை கொழுந்தில் இருக்கும், காது லயத்தில் இருக்கும். ஒரு சத்தம் கேட்டால் பயம். சத்தமே கேட்காவிட்டால் அதைவிடப் பயம். பின்னேரம் வந்து கதவைத் திறந்து வைத்தால், அது சங்கிலியை அறுத்துக்கொண்டு வெளியே பாய்ந்து யாரையாவது கடித்துவிடும் என்று லயத்து ஆட்கள் கத்துவார்கள். சாத்தி வைத்தால் நாங்கள் அதோடு உள்ளே அடைபட்டுக் கிடப்போம். எனக்குப் போக்கிடமே இல்லை. அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால் அதுவும் ஒரு காம்பரா, அங்கே ஏழு பேர்.

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது. பிள்ளை நடக்கப் பழகியது அந்த நாயின் கழுத்தைப் பிடித்துத்தான். அவள் காதைப் பிடித்து இழுப்பாள், வாய்க்குள் கையை விடுவாள். அது கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். அதன் தட்டில் இருந்து சோற்றை அள்ளித் தின்பாள். அது வாயை எடுத்துவிட்டு, அவள் தின்று முடிக்கும்வரை காத்திருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது என் காலில் தலையை வைத்துக்கொண்டு எழும்பவே இல்லை. பாண் விற்க வரும் சிங்கள ஐயா வாசலில் நின்று, "பல்லா ஹபனவாத?" என்று கேட்பார். "நே மஹத்தயா, பவ் சதெக்," என்று சொல்வீர்கள். கடிக்காது, பாவம் என்று. நீங்கள் சொன்ன மாதிரியே அதுவும் வாலை ஆட்டும். நானும் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தேன்.

எங்கள் லயத்துக் கடைசிக் காம்பரா செல்லம்மாக்கா முனியாண்டிக்கு ஒரு கெடா நேர்ந்து விட்டிருந்தார். சாமிக்கு நேர்ந்த கெடாவை நம் தோட்டத்தில் யாரும் கட்ட மாட்டார்கள். அது எந்த வாசலுக்கும் போகும், எந்தப் பானையிலும் வாய் வைக்கும். விரட்டினால் சாமிக் குற்றம் என்று எல்லாரும் ஏதாவது போடுவார்கள். அது பிரின்ஸின் தட்டுக்கும் வரும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாய்க்குத்தான் சங்கிலி இருக்கிறதே என்று இருந்துவிட்டோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லை. காலையில் பிள்ளை அந்தத் தட்டில் இருந்துதான் ஒரு பிடி சோற்றை அள்ளித் தின்றாள். அவளைத் தூக்கிக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கெடா படியேறி வந்து அதே தட்டில் வாய் வைத்தது. உறுமல்கூட இல்லை மாமா. பிரின்ஸ் அதன் கழுத்தைப் பிடித்தது, பிடித்தபடியே நின்றது. ஆட்கள் மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள், தண்ணீரை ஊற்றினார்கள். அது விடவில்லை. நீங்கள் வந்து அதன் முதுகில் முழங்காலை வைத்து அழுத்தி, தொரை பேசுகிற இங்கிலீசில் ஏதோ சொல்லிக்கொண்டே வாயைப் பிளந்தீர்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு அது இரத்த வாயோடு உங்கள் கையை நக்கியது. என் இடுப்பில் இருந்த பிள்ளை, "பின்சு, பின்சு," என்று அதனிடம் போகக் கையை நீட்டினாள்.

செல்லம்மாக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வேறு கெடா வாங்கி விடுகிறோம் என்று சொன்னோம், பிறகு வாங்கியும் விட்டோம். ஆனால் அன்று பின்னேரமே கோயில் முன்னால் எல்லாரும் கூடிவிட்டார்கள். தோட்டத் தலைவர் உங்களிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

"கெடா போனதுக்கு சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கலாம்ங்க. நாளைக்கு ஒரு புள்ள போனா யாருகிட்ட கேக்குறது? நாய அனுப்பிடுங்க."

"தொரை வண்டி அனுப்புவாரு," என்றீர்கள் நீங்கள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ. "இன்னும் தொரை, தொரைன்னுக்கிட்டு இருக்கீங்களே மாமா. அந்தத் தட்டுல காலையில என் புள்ள கை இருந்துச்சு," என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். நீங்கள் சங்கிலியை எடுத்துக்கொண்டு, மூடிக்கிடந்த பங்களாவின் பின்கட்டுக்கு நாயோடு ஏறிப் போய்விட்டீர்கள்.

தினமும் சோறு கொண்டுவந்து பங்களா கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவேன். பிள்ளை இடுப்பிலேயே இருப்பாள், இறக்கிவிட மாட்டேன். அது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்து முனகும். நீங்கள் உள்ளே, அது உள்ளே. வெளியே நின்ற நான் மட்டும் எங்கே போய்விட்டேன்? உங்களுக்குச் சோறு பொங்குவது, மலைக்குப் போவது, உங்களிடம் வருவது என்று அந்தத் தோட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் ஒருநாள் சொன்னேன்: "ஆபீஸ்ல தொரையோட நம்பர் வாங்கிட்டேன் மாமா. கோல் எடுத்து வண்டிய அனுப்பச் சொல்லப்போறேன்."

நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"வேணாம் தாயி. வண்டி வராது."

"ஏன்?"

"ஊசி போட்டுக் கொன்னுடச் சொல்லிட்டுத்தான் தொரை போனாரு. தொரையம்மா முழுகாம இருந்தாங்க. சின்னப்புள்ள இருக்கிற வீட்டுக்கு இந்த நாய் ஆகாதுன்னாங்க. டாக்டர்கிட்டயும் பேசிட்டாங்க. நான்தான் கொண்டு போகல."

நான் பிள்ளையை இடுப்பில் இன்னும் ஏற்றிப் பிடித்தேன்.

"முப்பது வருசமா அவங்க சொன்னதையெல்லாம் செஞ்சேன். இத மட்டும் செய்ய முடியல. குட்டியில இருந்து என் கையாலதான் தின்னுச்சு. யாரையும் கடிச்சதில்ல தாயி. அவங்க சும்மா பயந்தாங்க."

எனக்கு ஒன்றுதான் கேட்டது. அவர்கள் பிள்ளைக்கு ஆகாது என்று கழித்த நாயை, என் பிள்ளை பக்கத்தில் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறீர்கள். தொரைக்கு அடிமையாக இருக்கிறீர்கள் என்று ஊரே பேசியது. நீங்களோ வாழ்நாளில் முதல் தடவையாகத் தொரை பேச்சை மீறியிருந்தீர்கள். அதற்காக உங்களைக் கும்பிடலாம் போலவும் இருந்தது, பிடித்து உலுக்கலாம் போலவும் இருந்தது. சோற்றுப் பானையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருசம் உண்ணிக் காய்ச்சலில் பிரின்ஸ் செத்தது. பங்களாத் தோட்டத்திலேயே புதைத்துவிட்டு, வெறுங்கையோடு லயத்துக்கு இறங்கி வந்து வாசலில் நின்றீர்கள். உள்ளே வாங்க என்றேன். அடுப்புப் பக்கம் பாய் போட்டுக் கொடுத்தேன். ஆனால் பிள்ளையை உங்களிடம் விட்டுவிட்டு ஒருநாளும் வேலைக்குப் போகவில்லை. பிள்ளைமடுவத்தில்தான் விட்டேன். நீங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து, அவள் வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இன்றைக்கு ஆனாலும் அப்படித்தான் செய்வேன். நெஞ்சு வலியில் நீங்கள் போகும்வரை 'ஒன்னும் செய்யாது' என்று எதைப் பற்றியும் உங்கள் வாயில் இருந்து வரவில்லை.

போன மாதம் இதையெல்லாம் உங்கள் பேத்திக்குச் சொன்னேன். அவளுக்கு நாயும் நினைவில்லை, கெடாவும் நினைவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப தாத்தாவுக்கு என்னைய விட அந்த நாயத்தான் புடிக்குமாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடி. ரெண்டு பேரையும் புடிக்கும். நாய் ஒன்னைய ஒன்னும் செய்யாதுன்னு அவரு நம்புனாரு," என்றேன்.

"அது சரியாத்தான போச்சு," என்று சொல்லிவிட்டு அவள் விளையாடப் போய்விட்டாள்.

அவள் அப்படிச் சொல்லலாம். என்னால் முடியவில்லை. நீங்கள் அந்த நாயை உண்மையிலேயே அறிந்து வைத்திருந்தீர்களா, இல்லை நம் நேரம் நல்லபடியாக இருந்து பிழைத்தோமா? இரண்டில் எது என்று தெரியாமல்தான் உங்களை நினைத்து அழவும் முடியாமல், மன்னிக்கவும் முடியாமல் இருக்கிறேன் மாமா. பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்பது மட்டும் அதற்குப் பதில் ஆகாது.